எண்ணிக்கை எந்த ஆண்டிலிருந்து?

2024 பிப்ரவரி 16 காலை, கல்லூரிக்குப் போகும் பேருந்தில் நின்றபடி கைப்பேசியில் அந்தக் காட்சியைப் பார்த்தேன். அமெரிக்காவில் அப்போது முதல் நாள் இரவு. அயோவா பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணியின் கெய்ட்லின் கிளார்க், களத்தின் நடுவே வரைந்திருக்கும் சின்னத்துக்குப் பக்கத்தில் நின்று பந்தை எறிகிறார். பந்து வளையத்துக்குள் விழுகிறது. ஆட்டம் தொடங்கி இரண்டு நிமிடம் சொச்சம்தான் ஆகியிருந்தது. கெல்ஸி ப்ளம் 2017இல் விட்டுச் சென்ற 3,527 புள்ளிகள் என்ற சாதனை அத்துடன் முடிந்தது. மிச்சிகன் அணிக்கு எதிரான அந்த ஓர் ஆட்டத்தில் மட்டும் கிளார்க் 49 புள்ளிகள் எடுத்தார்.

அன்று வகுப்பில் என் இதழியல் மாணவிகளிடம் உற்சாகமாகச் சொன்னேன்: அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து வரலாற்றிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்தவர் இன்று முதல் இவர்தான். இரண்டு வாரம் கழித்து ஒரு மாணவி கைப்பேசியைக் காட்டிக் கேட்டாள். "மேடம், அந்த ரெக்கார்டை அன்னிக்கே உடைச்சிட்டாங்கன்னு சொன்னீங்க. நேத்து மறுபடியும் உடைச்சிட்டாங்கன்னு போட்டிருக்கே?" என்னிடம் பதில் இல்லை. மார்ச் 3ஆம் தேதி மூன்றாவது முறையும் அதே தலைப்பு வந்தது.

ஒரே ஆட்டக்காரர், ஒரே சாதனையை, பதினேழு நாட்களில் மூன்று முறை உடைப்பது எப்படி? அவள் கேள்விக்கு நான் தேடிக் கண்ட பதில்தான் இந்தக் கட்டுரை.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் பல்கலைக்கழகங்கள் குழுக்களாகச் சேர்ந்து ஆடுகின்றன. அந்தக் குழுவைக் கான்ஃபரன்ஸ் என்பார்கள். அயோவா இருப்பது பிக் டென் கான்ஃபரன்ஸில். பெயரில்தான் பத்து, அந்த ஆண்டு அதில் 14 அணிகள். ஜனவரி, பிப்ரவரி முழுக்க இவை ஒன்றோடொன்று மோதும். மார்ச் தொடக்கத்தில் கான்ஃபரன்ஸுக்குள் ஒரு கோப்பைப் போட்டி, அதற்குப் பிறகு 68 அணிகள் மோதும் தேசியப் போட்டி. ஆகவே பிப்ரவரிக் கடைசி என்பது கணக்குப் பார்க்கும் காலம். யார் முதலிடம், யாருக்குத் தேசியப் போட்டியில் இடம், யார் எத்தனை புள்ளிகள் என்று ஒவ்வோர் ஆட்டமும் எண்களாகவே பேசப்படும். எண்களுக்குப் பாலினம் கிடையாது என்று நாம் நம்புவதால், அந்தப் பேச்சைக் கேள்வி கேட்கவும் நமக்குத் தோன்றுவதில்லை.

பிப்ரவரி 15 அன்று உடைந்தது என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பின் பதிவேட்டில் இருந்த பெண்கள் சாதனை. பிப்ரவரி 28 அன்று மின்னசோட்டாவில் உடைந்தது லினெட் வுட்டார்டின் 3,649 புள்ளிகள். மார்ச் 3 அன்று ஒஹாயோ ஸ்டேட் அணிக்கு எதிராக உடைந்தது பீட் மாராவிச் என்ற ஆணின் 3,667. மூன்று எண்கள் என்றால் மூன்று வரலாறுகள். இவற்றில் நடுவில் இருப்பதைத்தான் எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் தேடவில்லை.

லினெட் வுட்டார்ட் கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்காக 1977 முதல் 1981 வரை ஆடிய கறுப்பினப் பெண். ப்ளம்மைவிட 122 புள்ளிகள் அதிகம் எடுத்தவர். அப்படியிருந்தும் என்.சி.ஏ.ஏ. பதிவேட்டில் அவர் பெயர் முதலிடத்தில் இல்லை. காரணம், அவர் ஆடிய காலத்தில் பெண்கள் விளையாட்டை என்.சி.ஏ.ஏ. நடத்தவில்லை. அதை நடத்தியது ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்ற, 1971இல் பெண்கள் தாங்களே உருவாக்கிக்கொண்ட அமைப்பு. விதிகளை வகுத்தவர்களும் அணிகளுக்குப் பயிற்சி அளித்தவர்களும் பெரும்பாலும் உடற்கல்வித் துறைப் பெண்கள். 900க்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதில் உறுப்பினராக இருந்தன.

அதே காலத்தில் என்.சி.ஏ.ஏ. என்ன செய்துகொண்டிருந்தது? கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்யும் 'டைட்டில் நைன்' சட்டம் 1972இல் வந்தபோது, விளையாட்டை அதன் வரம்பிலிருந்து விலக்கப் பாடுபட்டது. 1976இல் அதன் விதிகளை எதிர்த்து வழக்கும் போட்டது. சட்டத்தை அசைக்க முடியாது என்று தெரிந்த பிறகு, பெண்களுக்கான போட்டிகளைத் தானே நடத்தப்போவதாக அறிவித்தது. பணமும் தொலைக்காட்சி ஒப்பந்தங்களும் அதன் கையில். பயணச் செலவைத் தருகிறோம் என்றதும் கல்லூரிகள் அணி மாறின. 1982இல் இரண்டு அமைப்புகளும் தனித்தனியாகச் சாம்பியன் பட்டம் வழங்கின. அதே ஆண்டின் நடுவில் பெண்களின் அமைப்பு இழுத்து மூடப்பட்டது. அது தொடுத்த வழக்கும் தோற்றது.

பெண்கள் கூடைப்பந்தின் 'வரலாறு' 1982இல் தொடங்குவது இதனால்தான். பெண்கள் ஆடத் தொடங்கிய ஆண்டல்ல அது. ஆண்களின் அமைப்பு அவர்களை எடுத்துக்கொண்ட ஆண்டு. வீட்டை வாங்கியவர் அதில் முன்பு குடியிருந்தவர்களே இல்லை என்று பத்திரம் எழுதிக்கொண்டதைப் போன்றது இந்தப் பதிவேடு.

மாராவிச்சின் 3,667 எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அவர் எல்.எஸ்.யு. பல்கலைக்கழகத்துக்காக 1967 முதல் 1970 வரை ஆடியவர், அதாவது வுட்டார்டுக்குப் பத்தாண்டுகள் முன்பு. அந்த எண் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. பழைய காலம், விதிகள் வேறு என்பதெல்லாம் வுட்டார்டை விலக்கக் காரணமாகுமென்றால், மாராவிச்சை வைத்திருக்க என்ன காரணம்? கிளார்க் அவரைத் தாண்டியபோது வந்த வாதங்களையும் நினைத்துப் பாருங்கள். மாராவிச் ஆடியது மூன்றே ஆண்டுகள், 83 ஆட்டங்கள். முதலாண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆட அன்று அனுமதி இல்லை. மூன்று புள்ளிக் கோடும் இல்லை. எல்லாம் உண்மை. ஆனால் வுட்டார்டுக்கும் மூன்று புள்ளிக் கோடு இல்லை; பெண்கள் ஆட்டத்துக்கு அது 1987இல்தான் வந்தது. அவர் கையில் இருந்தது ஆண்கள் ஆடும் அதே அளவுப் பந்து. சுற்றளவில் ஓர் அங்குலம் குறைந்த பந்து பெண்களுக்கு வந்தது 1984இல். மாராவிச்சின் எண்ணுக்குக் கீழே மட்டும் இத்தனை அடிக்குறிப்புகள். வுட்டார்டுக்கு அடிக்குறிப்பே தேவைப்படவில்லை, ஏனெனில் அவருடைய எண்ணே பக்கத்தில் இல்லை. மாராவிச்சுக்கும் எழுதாமல் விட்ட ஓர் அடிக்குறிப்பு உண்டு: அவர் ஆடிய அணியில் கறுப்பின மாணவர் ஒருவரும் இல்லை. அந்தப் பல்கலைக்கழக ஆண்கள் அணியில் முதல் கறுப்பின மாணவர் சேர்ந்தது அவர் போன பிறகுதான்.

மூன்று நாட்களில் எது பெரிய விழாவாகக் கொண்டாடப்பட்டது என்பதும் கவனிக்க வேண்டியது. மார்ச் 3, பருவத்தின் கடைசிக் கான்ஃபரன்ஸ் ஆட்டம். ஒஹாயோ ஸ்டேட் ஏற்கெனவே பிக் டென் பட்டத்தை உறுதிசெய்துகொண்டு வந்திருந்தது. முதல் பாதி முடியும் தறுவாயில், எதிரணி வாங்கிய டெக்னிக்கல் ஃபவுலால் கிடைத்த ஃப்ரீ த்ரோவில் கிளார்க் மாராவிச்சைத் தாண்டினார். அயோவா 93-83 என்று வென்றது. ஒரு பெண்ணின் எண் ஓர் ஆணின் எண்ணைத் தாண்டியதும்தான் சாதனை முழுமை பெற்றதாக உலகம் ஒப்புக்கொண்டது. ஆண்களின் அளவுகோலில் நின்று உயரம் காட்டினால்தான் பெண்ணின் உயரம் உயரமா? அன்று அரங்கில் லினெட் வுட்டார்ட் விருந்தினராக அமர்ந்திருந்தார். அவரை அறிமுகப்படுத்தியபோது கூட்டம் கைதட்டியது. அந்தக் கைதட்டலைப் பார்த்தபோது எனக்கு மகிழ்ச்சியைவிடக் கூச்சமே மேலிட்டது. மூன்று வாரம் முன்பு அவர் இல்லாத வரலாற்றை வகுப்பில் சொன்னவள் நான்.

இதில் கிளார்க்கையோ அவர் அணியையோ குறைசொல்ல ஏதுமில்லை. வுட்டார்டின் எண்ணே மெய்யான சாதனையாகக் கொள்ளப்பட வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசியவர் அயோவாவின் பயிற்றுநர் லிசா ப்ளூடர்தான். அந்தக் குரல் அயோவாவிலிருந்து எழுந்ததில் எனக்கு வியப்பில்லை. ஏ.ஐ.ஏ.டபிள்யூ.வின் தலைவராக இருந்து என்.சி.ஏ.ஏ.வை எதிர்த்த கிறிஸ்டின் கிராண்ட், ஸ்காட்லாந்தில் பிறந்தவர். 1973 முதல் 2000 வரை இதே அயோவாவில் பெண்கள் விளையாட்டுத் துறையின் இயக்குநர். 2021இன் கடைசி நாளில் இறந்துபோனார். கிளார்க் ஆடிய கார்வர்-ஹாக்ஐ அரங்குக்கும் பழைய நினைவு ஒன்று உண்டு. 1985 பிப்ரவரி 3, இதே கான்ஃபரன்ஸ் பருவம், எதிரணி அன்றும் ஒஹாயோ ஸ்டேட். கிராண்ட் அழைத்து வந்த கறுப்பினப் பயிற்றுநர் விவியன் ஸ்டிரிங்கரின் அணியைப் பார்க்க 22,157 பேர் வந்தார்கள். அரங்கில் இடம் 15,500 பேருக்குத்தான். அயோவா அன்று தோற்றது. ஆனாலும் பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்துக்கு அதுவரை அத்தனை பேர் கூடியதில்லை.

"பெண்கள் ஆட்டத்துக்கு இப்போதுதான் ஆட்கள் வரத் தொடங்கியிருக்கிறார்கள்" என்ற வாக்கியத்தை 2024இல் எத்தனை முறை படித்திருப்பேன்! ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு பெண் 'முதல் பெண்' ஆக்கப்படுகிறாள். அவளுக்கு முன்னால் இருந்தவர்களை மறந்தால்தான் அவளை அப்படி அழைக்க முடியும். கொண்டாட்டமாக வரும் மறதி இது. எதிர்க்கவும் மனம் வராது.

பெண்களின் அமைப்பைப் பொற்காலமாக்குவதும் சரியில்லை. ஆண்கள் விளையாட்டின் வணிகம் தங்களைத் தொடக்கூடாது என்று அதன் தலைவர்கள் தொடக்கத்தில் ஆட்டக்காரர்களுக்கு உதவித்தொகையே கூடாது என்றார்கள். கொள்கை உயர்ந்ததுதான். ஆனால் வசதியில்லாத வீட்டுப் பெண்ணுக்கு உதவித்தொகை இல்லாமல் கல்லூரியே இல்லை. 1973இல் வழக்குப் போட்டு அந்த விதியை மாற்றவைத்தவர்கள் ஃபுளோரிடாவின் டென்னிஸ் ஆட்டக்காரிகளும் அவர்களுடைய பயிற்றுநர்களும். பெண்களின் அதிகாரத்தையும் பெண்களே கேள்வி கேட்டார்கள். பதிவேட்டிலிருந்து 1982க்கு முந்தைய பக்கங்களைக் கிழிக்கும்போது இந்த உட்சண்டையின் பாடமும் சேர்ந்து போய்விடுகிறது. இன்னொன்றும் போயிற்று. 1972இல் பெண்கள் அணிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பெண்களே பயிற்றுநர்கள். என்.சி.ஏ.ஏ. காலத்தில் அது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. சம்பளம் வந்ததும் வேலை ஆண்களுக்குப் போவது எந்தத் தொழிலில்தான் நடக்கவில்லை?

பணத்தின் கணக்கும் எண்ணிக்கையின் கதைதான். ஆண்கள் தேசியப் போட்டியில் ஓர் அணி முன்னேற முன்னேற, அதன் கான்ஃபரன்ஸுக்கு 'யூனிட்' என்ற பங்குத்தொகை கிடைக்கும். 1991 முதல் இந்த ஏற்பாடு உண்டு. பெண்களுக்கு அது 2025 வரை இல்லை. 2024இல் அயோவாவும் சௌத் கரோலைனாவும் மோதிய பெண்கள் இறுதி ஆட்டத்தை அமெரிக்காவில் சராசரியாக 1.87 கோடிப் பேர் பார்த்தார்கள். ஆண்கள் இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர்கள் 1.48 கோடி. அந்த ஆண்டும் பெண்களின் வெற்றிகளுக்கு யூனிட் பூஜ்யம்.

வுட்டார்ட் கல்லூரியை விட்டு வெளியே வந்தபோது அவர் நாட்டில் நிலையான பெண்கள் லீக் இல்லை. இத்தாலிக்கும் ஜப்பானுக்கும் போய் ஆடினார். 1984 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியின் தலைவி. மறு ஆண்டு ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் என்ற வேடிக்கை ஆட்டக் குழுவில் முதல் பெண்ணாகச் சேர்ந்தார். டபிள்யூ.என்.பி.ஏ. லீக் 1997இல் தொடங்கியபோது அவருக்கு வயது 37. அப்போதும் போய் ஆடினார்.

இதற்கும் அப்பால் இன்னொரு எண் இருக்கிறது: 4,061. பேர்ல் மூர் என்ற கறுப்பினப் பெண் எழுபதுகளில், பெரும்பாலும் சௌத் கரோலைனாவின் ஃபிரான்சிஸ் மரியன் என்ற சிறு கல்லூரிக்காக எடுத்தவை. கிளார்க் தன் கல்லூரி ஆட்டத்தை முடித்தபோது அவர் கணக்கு 3,951. அதாவது அந்த மூன்று தலைப்புச் செய்திகளுக்குப் பிறகும் மூரின் எண் உடையவே இல்லை. பெரிய பல்கலைக்கழகம் இல்லை, ஆண்களின் அமைப்பு இல்லை, தொலைக்காட்சி இல்லை. அதனால் நான்காவது தலைப்பும் இல்லை.

மார்ச் மாதம் அந்த மாணவியின் வகுப்புக்குப் போய், நான் சொன்னது தவறு என்று முதலில் சொன்னேன். பிறகு கரும்பலகையில் ஐந்து பெயர்களையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே எண்ணை எழுதினேன். அவள் எழுந்து வந்து, சாக்பீஸை வாங்கி, எண்களுக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டாள். அதன் தலைப்பில் "எண்ணியது யார்?" என்று எழுதினாள். பேர்ல் மூருக்கு எதிரே வந்ததும் நிறுத்தி, "இவங்களுக்கு முன்னாடி ஆடினவங்க பேரு, மேடம்?" என்று கேட்டாள்.

பலகையில் கீழே இடம் இருந்தது. அதை அழிக்காமல் விட்டுவிட்டு வந்தோம்.