மருத்துவச் செய்தியும் மொழித் தெளிவும்

இலக்கியத்தை ஆராய்வது போலவே செய்தி நடையையும் நாம் ஆராய்தல் வேண்டும். அதிலும் மருத்துவ ஆராய்ச்சி பற்றிய செய்தியை மிகக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். கவிதையில் ஒரு சொல் பிழைத்தால் சுவை கெடும். மருத்துவச் செய்தியில் ஒரு சொல் விடுபட்டால் படிப்பவரின் உடலுக்கே கேடு விளையலாம். அவ்வாறு அடிக்கடி விடுபடுவது எது என்பதைக் காண்போம்.

ஐந்தாம் வேற்றுமையின் பொருள்களுள் எல்லையும் ஒன்று என்பதை ஆசிரியர்கள் அறிவர். ‘தெற்கு’ என்று மட்டும் சொன்னால் இடம் விளங்காது. ‘கோலாலம்பூரின் தெற்கு மலாக்கா’ என்று எல்லை கூறினால்தான் விளங்கும். ‘இரு மடங்கு’, ‘பாதி’, ‘ஐம்பது விழுக்காடு’ என்பனவும் எல்லை வேண்டி நிற்கும் சொற்களே. எவ்வளவில் தொடங்கி எவ்வளவு ஆயிற்று என்பதைக் கூறாவிடில் அவை அச்சத்தையோ ஆசையையோ எழுப்புமேயன்றி அறிவைத் தாரா.

1995ஆம் ஆண்டு அக்டோபரில் பிரிட்டனில் நடந்ததை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். புதுவகைக் கருத்தடை மாத்திரைகள் சிலவற்றை உண்ணும் பெண்களுக்கு நாளங்களில் இரத்தம் உறையும் அபாயம், முந்திய வகை மாத்திரைகளை உண்பவர்க்கு உள்ளதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு என்று அந்நாட்டு மருந்துப் பாதுகாப்புக் குழு மருத்துவர்களுக்கு மடல் விடுத்தது. மடல் பலருடைய கைக்குச் சேருமுன்பே செய்தி நாடெங்கும் பரவிவிட்டது.

‘இரு மடங்கு’ என்பது பொய்யன்று. ஆயின் கணக்கைப் பாருங்கள். முந்திய வகை மாத்திரையை உண்ட பெண்களுள் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 7,000 பேரில் ஒருவருக்கு இரத்தம் உறைந்தது. புதுவகையால் அவ்வொருவர் இருவரானார். கருவுற்ற பெண்களுக்கோ இவ்வபாயம் இலட்சத்தில் 60, அதாவது 7,000 பேரில் நால்வர்.

அஞ்சிய பெண்கள் பலர் மாத்திரையை நிறுத்தினர். 1996இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் கருக்கலைப்புகள் முந்திய ஆண்டினும் ஏறத்தாழ 13,000 மிகுந்தன. அவ்வுயர்வு முழுவதற்கும் இச்செய்தி ஒன்றே காரணம் என அறுதியிட்டுக் கூற இயலாது. எனினும் ஆராய்ந்தோர் பலர் இதனையே காட்டுகின்றனர். சிறிய அபாயத்திற்கு அஞ்சி விலகியவர்களுள் பலர் பெரிய அபாயத்தினுள் புகுந்தனர்.

அச்சத்தைப் போலவே நம்பிக்கையையும் இக்குறை பெருக்கிக் காட்டும். 2008 நவம்பரில் வெளியான ‘ஜூபிடர்’ ஆய்வில், முன்பு இதய நோய் கண்டிராத 17,802 பேர் பங்கு கொண்டனர். ஒரு பாதியினர் கொழுப்பைக் குறைக்கும் ரோசுவாஸ்டாட்டின் மருந்தையும், மறுபாதியினர் மருந்தில்லாத வெற்று மாத்திரையையும் உண்டனர். மருந்தால் மாரடைப்பு 54 விழுக்காடு குறைந்தது என்பது முடிவுகளுள் ஒன்று. படிப்பவர் என்ன எண்ணுவார்? நூறு பேரில் 54 பேர் காக்கப்பட்டனர் என்றன்றோ எண்ணுவார்! உண்மையில், ஏறத்தாழ இரண்டாண்டுக் காலத்தில், பக்கத்துக்கு 8,901 பேருள் வெற்று மாத்திரை உண்டோரில் 68 பேருக்கும் மருந்துண்டோரில் 31 பேருக்கும் மாரடைப்பு வந்தது. ஏறத்தாழ 240 பேர் மருந்துண்ண, ஒருவருக்கு மாரடைப்புத் தவிர்ந்தது. அதே ஆய்வில் நீரிழிவு புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் மருந்துண்டோரில் 270 பேர், மற்றவரில் 216 பேர். மாரடைப்பும் நீரிழிவும் ஒரே எடையுள்ளவை அல்லவெனினும், இரண்டையும் ஒரே அளவுகோலால் காட்டினாலன்றிச் சீர்தூக்க இயலாது.

விழுக்காடு வேண்டா என்பது நம் கருத்தன்று. முன்பே மாரடைப்புக் கண்டவர்க்கு மீண்டும் வரும் அபாயம் மிகுதி; அவர்களுக்கு அதே விழுக்காட்டுக் குறைவு பெருநன்மையாகும். ஆதலால்தான் விழுக்காட்டோடு அடிப்படை எண்ணும் வேண்டும் என்கிறோம். ஆய்வறிக்கை எழுதுவோர்க்கான ‘கன்சார்ட்’ நெறிமுறையும் தன் 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தில், ஆம் அல்லது இல்லை என அமையும் முடிவுகளுக்கு இவ்விரண்டையும் தருமாறு பரிந்துரைத்தது.

செய்தியில் இதற்கு இடமேது என்பார் உளர். ‘7,000 பேரில் ஒருவர் இருவரானார்’ என்பது நான்கே சொற்கள். இந்நான்கிற்கு இடமில்லாத ஏடு எது?

வகுப்பில் செய்தித்தாளை வைத்துக் கருத்துணர்தல் பயிற்சி நடத்தும் ஆசிரியர்கள், விழுக்காடு வரும் இடமெல்லாம் மாணவரை மூன்று வினாக்கள் கேட்கச் செய்வார்களாக: எத்தனை பேரில்? எவ்வளவு காலத்தில்? எவ்வளவிலிருந்து எவ்வளவு? மருந்துண்ணும் பெரியோரும் செய்தியைப் படித்த மாத்திரத்தில் மருந்தைத் தாமாக நிறுத்தாமல், இம்மூன்றையும் தம் மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்து முடிவு செய்தல் நலம்.