இரலையும் முல்லையும்

அகநானூற்று நான்காம் பாட்டில் குறுங்குடி மருதனார் இரலையின் கொம்பை முறுக்கிய இரும்போடு ஒப்பிடுகின்றார். கார்காலத்தே அவ்விரலை பரல் நிறைந்த பள்ளங்களில் துள்ளுகின்றது. இரலை என்பதற்கு 'மான்' என்று மட்டும் பொருள் கொள்ளுதல் போதாது என யாம் கருதுகின்றோம். புள்ளிமானின் கொம்பு கிளைப்பது, விழுந்து முளைப்பது. இரலையின் கொம்போ கிளையாது முறுக்குண்டு, வாழ்நாள் முழுதும் நிற்பது. இவ்வேறுபாடு அறியாதார்க்கு உவமை விளங்காது.

ஒரகடத்து ஊர்தித் தொழிற்சாலைகளினிடையே வளரும் மாணவர் இரும்பை நன்கறிவர். இரலையைக் காண அவர் சென்னைக் கிண்டித் தேசியப் பூங்காவிற்குச் செல்லல் வேண்டும். பொருள் மறைய உவமம் மட்டும் எஞ்சிய நிலை இது.

இரலை அழியுமோ, எஞ்சுமோ? சிவிங்கிப்புலி இந்தியாவில் அற்றுப்போனதாக 1952-இல் அறிவிக்கப்பெற்றது; 2022-இல் அதனை ஆப்பிரிக்காவினின்று கொணர நேர்ந்தது. இரலைக்கோ 1967-இல் கோடியக்கரைச் சரணாலயமும், 1972-இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் அரணாயின. எனினும் சீமைக்கருவேல் படர்ந்து புல்வெளி சுருங்குமாயின் அவ்வரண் பயன்தராது. மருதனார் இரலையை, அது துள்ளும் நிலத்தொடு சேர்த்தே பாடினார். நிலத்தினின்று பிரித்துக் கருப்பொருளைக் காத்தல் இயலாது என்பதற்கு அப்பாட்டே சான்றாகும்.