கற்பூரவல்லிக்கு ஓர் இடம்

திண்டுக்கல் கடைவீதியில் கற்பூரவல்லி கேட்டால் வாழைப்பழச் சீப்பை நீட்டிவிடுவார்கள். நான் சொல்வது ஓமவல்லி என்கிற அந்தத் தடித்த இலைச் செடியை. ஐரோப்பியச் சமையலின் தைம் செடிக்கு வாசம் தரும் கார்வக்ரால் இதன் இலையிலும் உண்டு. தைமுக்குக் கொடைக்கானல் குளிர் சரிப்படும்; நம் சமவெளி வெயிலுக்கு இதுதான்.

கொல்லையில் துவைகல் பக்கம் இதை நடுவதுதான் நம் வழக்கம். தண்ணீர் ஊற்ற வேண்டாமே என்ற சோம்பேறித்தனம். ஆனால் இதன் தண்டும் இலையும் நீரைச் சேமித்து வைப்பவை. ஈரம் தேங்கினால் வேர் அழுகும். ஐப்பசி மழையில் கூரைத் தண்ணீர் சொட்டும் இடமும் ஆகாது.

கிழக்குச் சுவர் ஓரமே உத்தமம். காலை வெயில் படும், உச்சிக்குப் பிறகு நிழல் விழும். முழு நிழலில் இலை அகலமாக, பார்க்க அழகாக வளரும். கசக்கினால் வாசம் மட்டும் சோகை. மேற்குச் சுவரின் சித்திரைச் சூட்டில் இலை சிறுத்துப் பழுக்கும், காரம் ஏறும். கஷாயத்துக்கு அது, பஜ்ஜிக்குக் கிழக்குச் சுவர்.

மண்ணைத் தேடி அலைய வேண்டாம், நம் ஊர்ச் செம்மண் இருக்கிறது. அதோடு கொஞ்சம் மணலும் மக்கிய எருவும். கையில் பிடித்து விட்டால் பொலபொலவென்று உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் இன்னும் ஒரு கை மணல். பிறகு ஒரு சாண் தண்டை ஒடித்துச் செருகினால் போதும்.