பன்னிரண்டு விநாடி இனாம்

பேக்கேமன் ஆடுபவர்கள் பகடைக் கிண்ணம் வாங்கும்போது வெளியே இருக்கும் தோலை மட்டும் பார்ப்பதில்லை. வாய்க்குள் விரலை விட்டு ஒரு சுற்று தடவிப் பார்ப்பார்கள். விளிம்புக்குச் சற்றுக் கீழே மெல்லிய வரம்பு ஒன்று ஓட வேண்டும். கிண்ணத்தைக் கவிழ்க்கும்போது பகடை வழுக்கிக்கொண்டு இறங்காமல், அதில் இடறிப் புரண்டு விழும். கைத்திறமைக்கு அங்கே வேலை இல்லை.

பகடையிலும் அதே கண்டிப்பு. மலிவுப் பகடையில் புள்ளிகள் வெறும் குழிகள். ஆறு குழி வெட்டிய முகம், அதற்கு நேரெதிரே ஒற்றைக் குழியோடு இருக்கும் முகத்தைவிட இம்மியளவு லேசாகிவிடும். போட்டிப் பகடையில் குழிகளை அதே அடர்த்தியுள்ள பொருளால் நிரப்பி மட்டமாக இழைத்துவிடுகிறார்கள். தடவினால் புள்ளி விரலில் தட்டுப்படாது.

இதுவும் போதாது என்பவர்களுக்குத் தடுப்புப் பெட்டி. மேலே போடும் பகடை, உள்ளிருக்கும் சாய்வுத் தட்டுகளில் மோதி மோதிப் பலகையில் வந்து விழுகிறது. பெட்டி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் இருந்தால் அந்த இறக்கத்தைப் பார்ப்பதே தனி இன்பம். யோசனை மிகப் பழையது. ஜெர்மனியில் ஃபெட்வைஸ்-ஃப்ரோய்ட்ஸ்ஹைமில் 1985-இல் 4-ஆம் நூற்றாண்டு ரோமானியப் பகடைக் கோபுரம் ஒன்று கிடைத்தது. வெண்கலத் தகட்டில் சல்லடையாக வெட்டிய வேலைப்பாடு, உள்ளே சாய்வுத் தட்டுகள், வாசலில் குட்டிப் படிக்கட்டு. பிக்ட் இனத்தார் தோற்றார்கள், பகை ஒழிந்தது, கவலையின்றி ஆடுங்கள் என்ற பொருளில் முகப்பில் லத்தீன் எழுத்துகள்.

கவலையின்றி ஆடலாம், ஆனால் எவ்வளவு நேரம்? இங்கேதான் கடிகாரம் வருகிறது.

இன்றைய போட்டிகளில் பரவலாக உள்ள கணக்கு இது: ஒவ்வொரு முறைக்கும் 12 விநாடி இனாம், அதைத் தாண்டினால்தான் கையிருப்பு கரையும். கையிருப்பு, போட்டியின் ஒரு புள்ளிக்கு 2 நிமிடம். 7 புள்ளிப் போட்டி என்றால் ஆளுக்கு 14 நிமிடம். 12 விநாடியில் மிச்சம் பிடித்தாலும் கையிருப்பில் சேராது. சதுரங்கத்தில் ஃபிஷர் முறைக் கடிகாரம் அப்படிச் சேர்த்துக் கொடுக்கும். பேக்கேமனில் அது அநியாயமாகிவிடும். வெட்டுப்பட்ட காய் உள்ளே நுழைய வழியில்லாமல் நிற்பவருக்கு யோசிக்கவே ஒன்றுமில்லை. உருட்டுவார், கடிகாரத்தை அமுக்குவார். அப்படிச் சும்மா இருந்தே நேரம் சேர்த்துவிடலாமே! ஆட்டம் எத்தனை முறை நீளும் என்று எவருக்கும் தெரியாத விளையாட்டுக்கு, தானாக வரும் நகர்வை இலவசமாக்கி, யோசனைக்கு மட்டும் விலை வைக்கும் இந்த ஏற்பாடு மிகப் பொருத்தமானது.

கடிகாரம் பகடையையும் மாற்றிவிட்டது. முன்பு ஆளுக்கு இரண்டு பகடை. தன் பகடையைக் கையில் எடுத்தால் முறை முடிந்தது. இப்போது கடிகாரம் வைத்து ஆடும்போது இருவருக்கும் ஒரே ஜோடிதான், கடிகாரத்தை அமுக்கினால்தான் முறை முடியும். விழுந்த பகடை அப்படியே கிடப்பதால், என்ன விழுந்தது என்ற சண்டை பெரும்பாலும் ஒழிந்தது. பகடை காய் மேல் ஏறிக்கொண்டால் இரண்டையும் எடுத்து மறுபடி உருட்ட வேண்டும். கடிகாரம் அதற்காக நிற்காது.

பந்தயத்தை இரட்டிப்பாக்கும் கட்டத்தில்தான் இதெல்லாம் ஒன்றுகூடுகிறது. ஒருவர் உருட்டும் முன் இரட்டிப்புக் கட்டையை 2 என்ற முகம் மேலே தெரிய நகர்த்தி வைத்து, கடிகாரத்தை அமுக்குகிறார். ஏற்பதா, விட்டுக்கொடுப்பதா? எதிராளி பலகையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். 12 விநாடி போய்விட்டது. பகடை இரண்டும் அசையாமல் கிடக்க, அவருடைய 14 நிமிடம் கரையத் தொடங்குகிறது.