கடுகு டப்பாவுக்குள் கம்மல்: ஒளித்து வைத்தலின் பலமும் பலவீனமும்

பீரோவில் இருப்பது குடும்பத்து நகை. கடுகு டப்பாவில் இருப்பது அந்த வீட்டுப் பெண்ணின் சொந்தக் காசு. தமிழ் வீடுகளில் இந்தப் பிரிவினை நெடுநாளாக உண்டு. அரிசிப் பானையின் அடியில் துணியில் முடிந்த கம்மல், பருப்புச் சம்படத்துக்குள் மடித்து வைத்த ஐந்நூறு ரூபாய்த் தாள்கள், அஞ்சறைப் பெட்டிக் கிண்ணங்களுக்குக் கீழே சீட்டுப் பணம், பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் மூக்குத்தி. இப்போது இணையக் கடைகளில் குளிர்பான டின் போலவும் தடித்த அகராதி போலவும் தோற்றம் கொண்ட, உள்ளே குடைந்த பெட்டிகளும் கிடைக்கின்றன. உருவம் எதுவானாலும் நம்பிக்கை ஒன்றுதான்: யாரும் தேடாத பொருளுக்குள் வைத்தால் யார் கையும் படாது. இப்படி ஒளித்து வைக்கப்படுவது பல வீடுகளில் ஒரு பெண்ணுக்கு இருக்கும் ஒரே கைப்பணம். அதனால் அந்த நம்பிக்கை எவ்வளவு தாங்கும் என்று எடைபோட்டுப் பார்ப்பது அவசியம்.

முதலில் பலத்தைச் சொல்ல வேண்டும். பட்டப்பகலில் அரைமணி நேரம் பூட்டிய வீட்டுக்குள் நுழைகிற திருடனுக்குப் பெரிய எதிரி நேரம். அவன் பீரோவை உடைப்பான், மெத்தையைப் புரட்டுவான், சாமி அறையைத் துழாவுவான். அடுக்கடுக்காக நிற்கும் முப்பது டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து கவிழ்க்க அவனுக்குப் பொழுதில்லை. பூட்டிய பெட்டி உள்ளே பொருள் இருப்பதைத் தானே அறிவித்துவிடும்; கடுகு டப்பா அப்படி எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. செலவும் கிடையாது. நள்ளிரவில் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் வங்கி திறக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

இரண்டாவது பலம் இன்னும் ஆழமானது. சிறுவாட்டுப் பணம் வெளித் திருடனை நினைத்து மட்டும் ஒளிக்கப்படுவதில்லை. குடிக்கிற கணவனிடமிருந்தும், கேட்டால் இல்லை என்று சொல்ல முடியாத உறவுகளிடமிருந்தும் அதைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. அஞ்சறைப் பெட்டி அங்கே பூட்டில்லாமலே பூட்டாக வேலை செய்வதற்குக் காரணம், வீட்டு ஆண்கள் அதைத் தொடுவதே இல்லை என்பதுதான். சமையல் முழுவதும் பெண் தலையில் ஏற்றப்பட்ட அநீதியே அவள் பணத்துக்கு மறைவிடமும் ஆகியிருக்கிறது. பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் எத்தனையோ வீடுகளில் இந்த டப்பாக்களிலிருந்துதான் வந்திருக்கின்றன. இதை அறியாமை என்று ஒதுக்குகிறவர்கள் அந்த வீடுகளின் நெருக்கடியை அறியாதவர்கள்.

ஆனால் இந்த முறையின் அடித்தளத்திலேயே ஒரு குறை இருக்கிறது. 1883-இல் ராணுவச் சங்கேதங்களைப் பற்றி எழுதிய ஆகஸ்ட் கெர்காஃப்ஸ் ஒரு நெறியை வகுத்தார்: ஒரு காப்பு முறை எப்படி இயங்குகிறது என்பது எதிரிக்குத் தெரிந்துபோனாலும் அது தாங்க வேண்டும், சாவி மட்டும் ரகசியமாக இருந்தால் போதும். பூட்டு இந்தச் சோதனையில் தேறும். டப்பா தேறாது. அங்கே இடமே சாவி. இடம் தெரிந்துவிட்டால் எல்லாம் முடிந்தது. அரிசிப் பானை தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடம். வீட்டார் வெளியூர் போயிருக்கும்போது வருகிற திருடனுக்கு இரவு முழுவதும் நேரம் இருக்கிறது. பானையைக் கவிழ்க்க ஒரு நிமிடம் போதும். கடையில் வாங்கிய போலி டின்னும் ஆயிரக்கணக்கில் ஒரே அச்சில் வருவது. வீட்டில் யாருமே குடிக்காத குளிர்பானம் அலமாரியில் தனியாக நின்றால் அதுவே கண்ணை இழுக்கும்.

மேலும், ஒளித்த பொருளுக்கு ஆபத்து திருடனிடமிருந்து மட்டும் வருவதில்லை. 2021 அக்டோபரில் சென்னை திருவொற்றியூரில் ஒருவர் 100 கிராம் தங்கக் காசை உறையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார். வீட்டைச் சுத்தம் செய்த மனைவி அதைக் குப்பை என்று நினைத்துப் போட்டுவிட்டார். தூய்மைப் பணியாளர் ஒருவரின் நேர்மையால்தான் அது திரும்பக் கிடைத்தது. குப்பை போலத் தோன்றிய பொருள் கடைசியில் குப்பையாகவே நடத்தப்பட்டது. போகிக்குப் பழசைக் கழிக்கும் நம் வீடுகளில், பழைய பேப்பர் கடைக்குப் போகும் டின்களுக்கு இந்த ஆபத்து ஆண்டுதோறும் வருகிறது.

காகிதப் பணத்துக்கு வேறு ஆபத்துகளும் உண்டு. கரையான் அரித்து, ஐந்நூறு ரூபாய்த் தாளில் 40 விழுக்காட்டுக்கும் குறைவாக மிஞ்சினால் வங்கியில் ஒரு காசும் கிடைக்காது. அரசாணை அதைவிட வேகமானது. 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தபோது, அதுவரை மறைந்திருந்த சிறுவாடெல்லாம் வெளிச்சத்துக்கு வர வேண்டியதாயிற்று. குடும்பப் பெண்கள் இரண்டரை லட்சம் ரூபாய் வரை வங்கியில் செலுத்தினால் விசாரணை இராது என்று அரசு அறிவித்தது; ஆனால் வீட்டுக்குள் எழுந்த விசாரணையை எந்த அறிவிப்பும் தடுக்கவில்லை. செய்தியே எட்டாதவர்களின் நிலை இன்னும் மோசம். 2019 நவம்பரில் திருப்பூர் மாவட்டத்தில் வயதான சகோதரிகள் இருவர், தங்கள் கடைசிக் காலத்துக்கென்று சேர்த்த 46,000 ரூபாயும் செல்லாத தாள்கள் என்பதை அப்போதுதான் அறிந்தார்கள். எந்தத் திருடனும் வராமலே அத்தனையும் போயிற்று.

தங்கம் அரசாணைக்கும் கரையானுக்கும் அழியாது. ஆனால் அதை ஒளித்தவர் இறந்துபோவார். 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயிலில் மண்ணைத் தோண்டியபோது ஒரு கலத்துக்குள் 505 பொற்காசுகள் கிடைத்தன. வைத்தது யார் என்பதற்கான அடையாளம் அவற்றோடு இல்லை. ஒருவருக்கு மட்டுமே தெரிந்த இடம் அவர் நினைவு உள்ளவரைதான் இடம். முதுமை மறதி நோய் பெருகிவரும் காலத்தில், சாவுக்கு முன்பே அந்த நினைவு போய்விடலாம்.

அப்படியானால் எல்லாவற்றையும் வங்கி லாக்கருக்குக் கொண்டுபோக வேண்டுமா? அதற்கும் எல்லை உண்டு. 2022 ஜனவரி முதல் நடப்பிலுள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, தீயாலோ திருட்டாலோ ஊழியர் மோசடியாலோ இழப்பு நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்குதான். வாடகை 2,000 ரூபாய் என்றால் உச்சவரம்பு இரண்டு லட்சம். வெள்ளம் போன்ற இயற்கைப் பேரிடருக்கு, வங்கியின் கவனக்குறைவு இல்லாதவரை, பொறுப்பே இல்லை. ஆனாலும் அங்கே உடன்படிக்கை உண்டு, வாரிசு நியமனம் உண்டு. டப்பாவுக்கு இல்லாதது அந்தச் சாட்சியம்தான்.

ஆகவே என் முடிவு இது. அன்றாடம் அணியும் ஓரிரு நகை, அவசரத்துக்கு ஒரு மாதச் செலவு: இவற்றுக்கு டப்பா நல்ல இடம். வாழ்நாள் சேமிப்புக்கும் தாலிக்கொடிக்கும் அது தகாது. எவ்வளவு சிறிய தொகையானாலும், நம்பிக்கைக்குரிய இன்னொருவருக்கு, மகளுக்கோ தங்கைக்கோ, இடம் தெரிந்திருக்க வேண்டும். நகையைப் படம் எடுத்து, ரசீதை வேறிடத்தில் வைக்க வேண்டும். முத்தும் பவளமும் பதித்தவற்றைப் புளிப்பானையில் போடக்கூடாது. அமிலம் அவற்றை அரிக்கும்.

இதற்கெல்லாம் மேலே ஒரு பொறுப்பு வீட்டு ஆண்களுக்கு இருக்கிறது. 2023 செப்டம்பர் முதல் தமிழ்நாடு அரசின் மகளிர் உரிமைத் தொகை பெண்ணின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. ஆனால் குறுஞ்செய்தி கணவனின் கைப்பேசிக்குப் போய், ஏடிஎம் அட்டையும் அவன் சட்டைப் பையில் இருந்தால் அந்தக் கணக்கு அவளுக்கு டப்பாவைவிடப் பாதுகாப்பானது ஆகாது. இது என் பணம் என்று ஒரு பெண் தன் வீட்டுக்குள் அஞ்சாமல் சொல்ல முடிகிற நாள்வரை அவள் ஒளித்துத்தான் வைப்பாள். அதுவரை அவளிடம் டப்பாவை விட்டுவிடச் சொல்ல நமக்கு உரிமையில்லை.