பீங்கானில் ஆடும் கோமாளி

பார்த்துத் தீட்டியது கலையாகாது என்பது திறனாய்வாளர் சிலரின் துணிபு. மேனாட்டு அச்சுப்படங்களைப் பார்த்துச் சீனக் கைவினைஞர் வண்ணம் தீட்டிய ஏற்றுமதிப் பீங்கான்களை அவர்கள் ஒதுக்குவதும் இக்காரணம் பற்றியே. அத்துணிபு எவ்வளவு பொருந்தும் என்பதை, 1720ஆம் ஆண்டையொட்டி ஒல்லாந்தருக்காகச் சீனாவில் உருவான சில தட்டுகளைக் கொண்டு ஆராயலாம்.

1720இல் பாரிசு, இலண்டன், ஆம்சுடர்டாம் ஆகிய நகரங்களில் பங்கு வாணிகப் பித்துத் தலைக்கேறியது. அவ்வாண்டு முடிவதற்குள் விலைகள் சரிந்தன. செல்வர் பலர் பொருள் இழந்தனர். ஒல்லாந்தர் இதனைக் 'காற்று வாணிகம்' என எள்ளினர். பீட்டர் லாங்கண்டைக் என்னும் நாடக ஆசிரியர், இத்தாலிய நகைச்சுவை நாடகக் கோமாளியாகிய ஆர்லெக்கினைப் பங்கு வணிகனாக்கி அவ்வாண்டிலேயே மேடையேற்றினார். கேலிப் படங்களும் அச்சாகிக் குவிந்தன.

அந்த எள்ளல் சீனம் சென்று பீங்கானில் திரும்பியது. தட்டுகளில் இத்தாலிய நாடக மாந்தர்; உடன், பங்குகள் யாவும் பறிபோயின என்று புலம்பும் டச்சு வாசகங்கள். தீட்டியவர் அந்நாடக மேடையைக் கண்டவரல்லர், அம்மொழியும் அறியாதவர்.

அச்சுப்படத்தில் ஒளியும் நிழலும் தரும் உருவத் திரட்சி, தட்டில் கோடும் வண்ணமுமாகச் சுருங்கிவிடுகிறது. இதனைக் குறை என்பர். ஆயினும் கோமாளிக்கு அதுவே பொருந்துவதாயிற்று. முகமூடி அணிந்த பாத்திரம் முகக்குறிப்பால் பேசுவதன்று; உடலின் வளைவாலும் ஆடையின் பன்னிற ஒட்டுகளாலும் அறியப்படுவது. கோட்டில் வல்ல தூரிகைக்கு அவ்விரண்டும் எளிதில் வசப்படுவன.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. அக்காலத்துக் கப்பல் சீனம் போய்த் திரும்ப ஓராண்டுக்கு மேலாகும். தட்டுகள் வந்து சேர்ந்தபோது பித்துத் தெளிந்திருந்தது; எள்ளல் எச்சரிக்கையாயிற்று. பங்குத்தாள்கள் சில திங்களில் பயனற்றுப் போயின; எளிதில் உடையும் பீங்கானோ முந்நூறு ஆண்டுகளைக் கடந்து அக்கதையைக் கூறி நிற்கிறது.

எனினும் குறையை மறைத்தல் திறனாய்வாகாது. பொருள் உணராத கை, கோமாளிக்குப் புதியதோர் அசைவைத் தரவில்லை; கொடுத்ததையே காத்தது. பார்த்துத் தீட்டுதலில் இரு நிலைகள் உண்டு: ஒன்று கை பிறழாமை, மற்றொன்று கருத்துத் தெளிதல். சீனக் கைவினைஞர் முன்னதில் தேர்ந்தவர். பின்னதற்கு வாய்ப்பே பெறாதவர். கற்பிப்போர் இதனை எண்ணுதல் தகும். மாணவனுக்கு முன்னதை மட்டும் பழக்கிவிட்டு, அவனிடம் படைப்பாற்றல் இல்லை என்று பழித்தல் முறையன்று.