மலையகமும் வெகுசனப் பண்பாடும்: கொட்டகலையை முன்வைத்து ஒரு நோக்கு

அட்டனிலிருந்து நுவரெலியா செல்லும் வீதியில், தேயிலை மலைகளுக்கு நடுவே அமைந்துள்ள சிறு நகரம் கொட்டகலை. புகையிரத நிலையம், ஒரு கடைத்தெரு, தொழிற்சங்கக் கட்டடம் என்பனவற்றோடு அரசினர் ஆசிரியர் கலாசாலையும் இங்கு உண்டு. அண்மையில், பத்தனையில், ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி இயங்குகின்றது. மலையகப் பாடசாலைகளுக்கு வேண்டிய ஆசிரியர்களுள் பெருந்தொகையினர் இவ்வட்டாரத்திலேயே பயிற்சி பெற்று வெளியேறுவதால், மலையக இளைஞரைப் பற்றிய அபிப்பிராயங்களும் பெருமளவுக்கு இங்கேதான் உருப்பெறுகின்றன எனலாம். அவ்வபிப்பிராயங்களுள் அடிக்கடி காதில் விழுவது ஒன்றுண்டு: தோட்டத்துப் பிள்ளைகளைச் சினிமா கெடுத்தது, மிச்சத்தைக் கைத்தொலைபேசி கெடுக்கின்றது. தேநீர்க் கடையிலும் ஆசிரியர் அறையிலும் பேசப்படும் இக்கருத்து, பாடசாலைக் கலைவிழா மேடைகளிலும் ஒலிப்பதுண்டு. அதே மேடையில் அடுத்த நிகழ்ச்சியாகச் சினிமாப் பாட்டுக்கு மாணவர் ஆடுவர் என்பது வேறு கதை.

இக்கருத்துப் புதியதன்று. குற்றஞ் சாட்டப்படும் பொருள்தான் காலத்துக்குக் காலம் மாறி வந்துள்ளது. கிராமபோன் தட்டு, வானொலி, திரைப்படம், ஒலிநாடா, வீடியோ, இப்போது கைத்தொலைபேசி. இவற்றின் மீதான தீர்ப்புக்குப் பின்னால் ஓர் எடுகோள் மறைந்து கிடக்கின்றது. லயத்து மக்கள் வெளியிலிருந்து வருவதை வாங்கிக்கொள்பவர்களேயன்றி அதனைக் கொண்டு தாமாக எதனையும் ஆக்கிக்கொள்பவர்கள் அல்லர் என்பதே அது. மலையகத்தின் வரலாறு இவ்வெடுகோளுக்கு இடந்தருகின்றதா என்பது ஆராய்தற்குரியது.

தோட்டங்களுக்குள் வெளியார் புகுவது துரைமாரால் தடுக்கப்பட்டிருந்த காலத்தில், புடவை வியாபாரி போல வேடமிட்டு உட்சென்று நிலைமைகளைக் கண்டறிந்தவர் கோ. நடேசய்யர். 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானவரும் அவரே. அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை கூட்டங்களில் முதலிற் பாடுவார். மக்கள் கூடிய பின்னர் நடேசய்யர் பேசுவார். மீனாட்சியம்மையின் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்னும் பாட்டுப் புத்தகம் 1940இல் வெளிவந்தது. அதன் பாடல்கள் அக்காலத்து மக்கள் ஏற்கெனவே அறிந்திருந்த மெட்டுகளிலேயே அமைந்தன. எழுத்தறிவு குன்றிய தொழிலாளரிடையே சம்பளத்தைப் பற்றியும் உரிமையைப் பற்றியும் ஒரு செய்தி பரவுவதற்கு அறிந்த மெட்டைவிடச் சிறந்த வாகனம் வேறிருக்கவில்லை. கேளிக்கைக்கு வந்த இசை தொழிற்சங்கத்தின் கருவியானது. நடேசய்யரின் வரலாற்றைத் தேடித் தொகுத்த சாரல்நாடன் இப்பாடல்களுக்கும் உரிய இடத்தை அளித்தமை தற்செயலன்று. ஆயினும் பல்கலைக்கழகங்களின் திறனாய்வு மரபு இவற்றை ‘இலக்கியம்’ என்ற வரிசையில் வைத்துப் பேச நெடுங்காலம் தயங்கியது.

வானொலியின் கதை இதனினும் கூர்ந்து நோக்கத்தக்கது. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலிற் கொட்டகலை ஒரு தனித் தொகுதியாக இருந்தது. இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பிற் போட்டியிட்ட கே. குமாரவேலு அங்கு வெற்றி பெற்றார். அயலிலுள்ள தலவாக்கலையில் வென்றவர் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை. மறு ஆண்டிற் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தற் சட்டமும் திருத்தப்பட, தோட்டத் தொழிலாளரின் பெயர்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து நீங்கின. அதற்கடுத்த ஆண்டு, 1950இல், இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று.

இவ்விரு நிகழ்ச்சிகளுக்குமிடையே காரண காரியத் தொடர்பு ஏதுமில்லை. ஆனால் லயத்தில் வாழ்ந்தவனின் அனுபவத்தில் அவை அருகருகே நின்றன. லயக் காம்பராவுக்கு வீதியின் பெயரோ வீட்டிலக்கமோ கிடையாது. அவனுக்கு வரும் கடிதம் தோட்டத்துக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து எவராவது ஒருவர் கையாற் கிடைக்கும்; கிடைக்காமலும் போகும். அரசின் இடாப்பில் அவன் பெயரில்லை. தோட்டத்தின் செக்ரோலில் உள்ள பெயரோ வேலைக்கு வந்த நாளையும் பறித்த கொழுந்தின் நிறையையும் கணக்கிடுவதற்கு மட்டும் உரியது. இந்நிலையில், நேயர் விருப்பப் பாடலுக்காக ஓர் அஞ்சலட்டையை எழுதிப் போட்டால், இன்ன தோட்டத்து மேல்பிரிவிலிருந்து இன்னார் என்று ஒரு நாள் வானொலியில் பெயர் வாசிக்கப்படும். அந்த ஒலிபரப்பைத் தென்னிந்தியாவிலும் கேட்டார்கள். நாடற்றவனாக்கப்பட்ட ஒருவனின் பெயரும் ஊரும் பகிரங்கமாக, மரியாதையுடன் உச்சரிக்கப்பட்ட இடம் அது. பாட்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். பெயர் வாசிக்கப்பட்ட செய்தி லயம் முழுவதும் பல நாள் பேசப்படும். சினிமாப் பாட்டின் மயக்கம் என்று இதனை ஒதுக்கிவிடுவோர், அந்த அஞ்சலட்டையில் எழுதப்பட்ட முகவரியைப் படிக்கத் தவறுகின்றனர்.

வெகுசனப் பண்பாட்டின் ஒவ்வொரு வெளிப்பாடும் இத்தகைய மதிப்பைப் பெறத்தக்கது என்று கொள்வதற்கில்லை. தொழிற்சங்கத் தலைவரான வி. பி. கணேசன் தயாரித்து நடித்த ‘புதிய காற்று’ 1975இல் வெளிவந்தது. மலையகத் தொழிலாளர் வாழ்வைப் பொருளாகக் கொண்ட அப்படத்தின் வசனத்தைத் தெளிவத்தை ஜோசப் எழுதினார். தென்னிந்தியப் படங்களின் இறக்குமதியும் சஞ்சிகைகளின் இறக்குமதியும் கட்டுப்படுத்தப்பட்டிருந்த சூழலில், உள்ளூர்த் தமிழ்த் திரைப்படத்துக்கு ஒரு வாய்ப்பு உருவாகியிருந்தது. ஆயினும் அவ்வாய்ப்புப் பயன்பட்ட விதம் பூரண திருப்தி தருவதன்று. கதாநாயகனை முன்னிறுத்தும் தமிழகத்து வார்ப்பிலிருந்து படம் விடுபடவில்லை. துயரை அனுபவிப்போர் கூட்டமாகவும், அதனைத் தீர்ப்பவர் தனியொருவராகவும் காட்டப்படும் மரபு, தொழிற்சங்க அரசியலில் ஏற்கெனவே வேரூன்றியிருந்த தலைவர் வழிபாட்டுக்குத் துணைபோயிற்று. கண்டியிற் பிறந்த எம். ஜி. ஆர். மலையகத்திற் பெற்ற செல்வாக்கையும் இவ்விடத்து நினைவுகூரலாம்.

அதே ஜோசப் எழுதிய ‘மீன்கள்’ என்னும் சிறுகதையுடன் இதனை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். வளர்ந்த பிள்ளைகளோடு ஒரே காம்பராவில் உறங்க வேண்டிய கணவன் மனைவியின் தவிப்பை அக்கதை சித்திரிக்கின்றது. அங்கே கதாநாயகன் என்று எவருமில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள அறையே கதையை நடத்துகின்றது. ஒரு மனிதனுக்குச் சிறிது நேரம் தனியாக இருப்பதற்கு இடமில்லாமை எத்தகைய கொடுமை என்பதை, கோஷம் எதுவுமின்றி அக்கதை உணர்த்துகின்றது. மலையக இலக்கியத்தின் உச்சங்களுள் ஒன்றாக அது கொள்ளப்படுவதற்கு இதுவே காரணம். கைத்தொலைபேசி பற்றிய விவாதத்துக்கும் கணினி பற்றிய விவாதத்துக்கும் உரிய தொடக்கம் அக்காம்பராவே என்பது போதிய அளவு உணரப்படவில்லை.

1980களின் முற்பகுதியில் மேலைநாடுகளிற் சிறு கணினிகள் வீடுகளுக்குள் வந்தன. சின்கிளேயர், கொமடோர் முதலிய பெயர்கள் அக்காலத்துக்குரியவை. தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து இயக்கப்பட்ட அவற்றைத் திறந்ததும் பார்ப்பதற்கு எதுவுமிருக்காது. ஏதாவது ஒன்றைத் தட்டெழுதினாற்றான் அது இயங்கும். ஆகவே அவை பயன்படுத்துவோனை ஆக்குவோனாகவும் ஆக்கின. தமிழுலகில் இதன் பயன் எங்கே விளைந்தது என்பது மலையகத்தாருக்குச் சிறப்பாகச் சிந்திக்கத்தக்கது. இலங்கைத் தேயிலைக்குப் போலவே மலாயாவின் றப்பருக்கும் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். அம்மலேசியத் தமிழரிடையே, முரசு நெடுமாறன் கவிதைகளைத் தேடித் தொகுத்தார். அவருடைய மகன் முத்து நெடுமாறன் 1980களின் நடுப்பகுதியில் ‘முரசு’ என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். அவ்வொருவரின் முயற்சி பின்னர் உலகெங்கும் கணினிகளிலும் கைத்தொலைபேசிகளிலும் தமிழ் எழுதுவதற்கு வழிசெய்தது.

அத்தகைய முயற்சிக்கு வேண்டியவை எவை? அறிவும் ஆர்வமும் முதலில் வேண்டும். அவை கொட்டகலையிற் குறைவு என்று கருத எவ்வித ஆதாரமுமில்லை. அடுத்து ஒரு மேசை, மின்சாரம், இரவில் எவரையும் எழுப்பாமல் விளக்கை எரியவிடக்கூடிய ஓர் அறை. லயத்திற் கிடைக்காதவை இவையே. 1982இல் ரூபவாஹினி ஒலிபரப்பு ஆரம்பமானபோது மின்சாரமே வராத லயங்கள் ஏராளம். தொலைக்காட்சி பார்ப்பதற்குக் கார் பற்றரியை ஏற்றிவர வேண்டியிருந்தது. வீட்டுக் கணினி என்ற கட்டம் மலையகத்தைப் பொறுத்தவரை நிகழவேயில்லை. வானொலியிலிருந்தும் தொலைக்காட்சியிலிருந்தும் நேரே கைத்தொலைபேசிக்கு வந்த சமூகம் இது. கணினி எழுத்தறிவு பற்றி அரசு வெளியிடும் மதிப்பீடுகளில் நகரம், கிராமம், தோட்டம் என்னும் மூன்று பிரிவுகளுள் தோட்டமே தொடர்ந்து கடைசியில் நிற்பதற்கு இளைஞரின் சினிமா மோகத்தைக் காரணங் காட்டுவது விநோதமான தர்க்கம்.

2020 மார்ச்சிற் பாடசாலைகள் மூடப்பட்டபோது இத்தர்க்கம் தன்னாலேயே உடைந்தது. பிள்ளையின் கையில் இருக்கக்கூடாது என்று நேற்றுவரை சொல்லப்பட்ட பொருள், ஒரே வாரத்தில் பாடசாலையாயிற்று. வட்ஸ்அப் வழியாகப் பாடங்கள் வந்தன. வீட்டிலுள்ள ஒரேயொரு தொலைபேசி தந்தையுடனோ தாயுடனோ காலையிலேயே மலைக்குப் போய்விடும். அந்தியில் அது திரும்பிய பின், மூன்று பிள்ளைகள் முறைவைத்துப் பார்ப்பர். அலைவரிசை கிடைக்காத பிரிவுகளிற் பிள்ளைகள் மேட்டு நிலம் தேடி ஏறினர். நாட்சம்பளம் 1000 ரூபா என்பதே நீண்ட போராட்டத்தின் பின் 2021இற்றான் வர்த்தமானியிற் பிரசுரமாயிற்று. அச்சம்பளத்திலிருந்தே டேட்டாவுக்கும் பணம் கண்டாக வேண்டியிருந்தது. கொழும்பிற் கடைச் சிப்பந்தியாகப் பணியாற்றும் அண்ணன் தீபாவளிக்குக் கொண்டுவந்து தந்த, கண்ணாடி வெடித்த பழைய தொலைபேசியிற் சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்த மாணவர், சினிமாவாற் கெட்டவர் என்று சொல்லப்பட்ட அதே பிள்ளைகளே.

எனினும் கைத்தொலைபேசிக்காக வாதாடுவோரும் ஓர் உண்மையை மறைத்தலாகாது. அது பார்ப்பதற்கு எளிது, எழுதுவதற்கு அரிது. அதனுள் ஆக்குவதற்கு இடமுண்டு, ஆனால் அவ்விடத்தின் எல்லையை வேறொருவர் வகுத்துள்ளார். டிக்டொக்கிலும் யூடியூப்பிலும் இன்று தோட்டத்து இளைஞர் இடும் சிறு படங்களை வரிசையாக நோக்கினால் இவ்விரு தன்மைகளும் புலப்படும். பெரும்பாலானவை சினிமா வசனத்துக்கு வாயசைப்பவை. அவற்றிற் புதுமை தேடுவது வீண். இடையிடையே வேறு சிலவும் வருகின்றன. கொழுந்து நிறுக்கும்போது கழிக்கப்படும் கிலோவைப் பற்றிய நகைச்சுவை, பீலிக்கரையில் நடக்கும் வாய்ச்சண்டை, காமன் கூத்தில் தப்படிக்கும் முதியவரின் கைகள், மழையில் ஒழுகும் கூரைத் தகரத்தின் கீழ் அடுக்கிவைத்த பாத்திரங்கள். எவரும் கேட்காமலே எடுக்கப்பட்டவை இவை. மீனாட்சியம்மை அறிந்த மெட்டை எடுத்தாண்டதைப் போலவே, இவர்களும் சினிமாவின் இசையைப் பின்னணியாகக் கொண்டு தம் காரியத்தைச் சொல்கின்றனர். பேச்சு மொழி தோட்டத்துப் பேச்சாகவே இருக்கின்றது. தமிழகத்து வழக்கைப் பின்பற்றும் முயற்சி, ‘புதிய காற்று’ காலத்திலும் பார்க்க இங்கே குறைவு என்றே சொல்ல வேண்டும்.

சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்தபோது, படித்தவர் பலருக்கு அவை வெறும் கூலிப் பாட்டுகளாகவே தோன்றியிருக்கும். அவர் பொறுமையாகக் கேட்டு எழுதிவைத்திராவிடின் கோப்பிக் காலத்துத் துயரும் கங்காணியின் கொடுமையும் இன்று அறிக்கைகளிலிருந்து மட்டுமே தெரியவரும். இணைய நூலகமான ‘நூலகம்’ 2005 முதல் ஈழத்து நூல்களையும் மலையக வெளியீடுகளையும் எண்ணிமப்படுத்தி வருகின்றது. ஆனால் மேலே கூறிய சிறு படங்கள் எந்த நூலகத்திலும் இல்லை. ஓர் இளைஞன் தொலைபேசியை மாற்றும்போதோ, அயல்நாட்டு நிறுவனமொன்று தன் விதியை மாற்றும்போதோ அவை மறைந்துவிடும். கொட்டகலையிற் பயிற்சி பெறும் ஆசிரிய மாணவர் ஒவ்வொருவரும் தம் தோட்டத்திலிருந்து பத்துப் படங்களைச் சேர்த்து, எடுத்தவர் பெயரும் பிரிவும் ஆண்டும் குறித்து வைத்தால், இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒரு தொகுப்பு உருவாகும். இது பெரும் பணம் வேண்டும் காரியமன்று.

அப்படங்களின் கீழ் எழுதப்படும் குறிப்புகள் தனியே ஆராயத்தக்கவை. தமிழ் பேசும் இளைஞர் அவற்றிற் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளாலேயே தமிழை எழுதுகின்றனர். மொழிப்பற்றின்மை என்று இதற்கும் ஒரு தீர்ப்பு ஆயத்தமாக உண்டு. பாடசாலையிற் கணினி அறை இருந்தும் அது பூட்டியே கிடக்குமாயின், தமிழ் விசைப்பலகையை அவர்கள் எங்கே பழகுவது என்று எவரும் வினவுவதில்லை. முத்து நெடுமாறனின் ‘செல்லினம்’ இலவசமாகவே கிடைக்கின்றது. அதனை இறக்கிப் பழக்குவதற்கு ஒரு பாடவேளை போதும்.